ஆடிக்கிட்டே அழுவோமுங்க!

(‘காதல் தோல்வியில் மனதை ஆற்றுவது சோக ராகமா, துள்ளல் தாளமா?’ – நாமக்கல் பட்டிமன்றத்தில் ‘துள்ளல் தாளமே’ என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, கைக்குட்டையோடு வந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) மலைக்கோட்டை நிழலில் கூடியிருக்கும் நாமக்கல் பெருமக்களே, தொலைக்காட்சி முன்னால் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் 1953-இல் வந்த ‘தேவதாஸ்’ படத்தைச் சொன்னார். கண்டசாலா பாடிய ‘உலகே மாயம்’ பாட்டைச் சொல்லி உருகினார். அருமையான பாட்டுங்க, மறுக்கவே இல்லை. ஆனா, அதைக் கேட்டு முடிச்ச பையன் அடுத்து என்ன பண்ணுவான்? மறுபடியும் அதையே போடுவான். கதவைச் சாத்திட்டுப் போடுவான். ‘கண்ணு, சாப்பிட வாடா’ன்னு அம்மா கூப்பிட்டாலும் வர மாட்டான். சோகப் பாட்டு ஆளை அறைக்குள்ளேயே வைக்குது. துள்ளல் பாட்டு கையைப் பிடிச்சு வாசலுக்குக் கூட்டிட்டு வருது. எங்க கட்சி இவ்வளவுதானுங்க! (கைதட்டல்)

இதற்கு நம்ம கொங்குச் சீமையிலிருந்தே ஒரு சாட்சி கூப்பிடுகிறேன். கோயம்புத்தூர்க்காரர் ஆதி. நண்பர் ஜீவாவோடு சேர்ந்து ‘ஹிப்ஹாப் தமிழா’ என்று பெயர் வைத்துக்கொண்டு பாட வந்தவர். இவரைத் தனியிசைக் கலைஞர் என்று சொல்கிறார்கள். அப்படின்னா என்ன? சினிமாப் பாட்டுன்னா மெட்டுக்கு ஒருத்தர், எழுத ஒருத்தர், பாட ஒருத்தர், பணம் போட ஒருத்தர், சூழ்நிலை சொல்ல ஒரு டைரக்டர். தனியிசையில் இந்தப் பாரம் முழுக்க ஒண்ணு ரெண்டு பேர் தலையில்! நாமக்கல்லில் இதை விளக்கவே வேண்டாம். தானே லாரி வாங்கி, தானே ஓட்டி, தானே லோடு பிடிக்கிறவரை நாம என்னன்னு சொல்றோம்? ஓனர்-கம்-டிரைவர்! தனியிசைப் பாடகரும் அவரேதானுங்க. (சிரிப்பு, கைதட்டல்)

தமிழில் இது புதுசும் அல்ல. 1960, 70-களில் இலங்கையில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ.மனோகரன் போன்றவர்கள் சினிமாவை நம்பாமலே பொப் பாட்டுப் பாடி ஊரையே ஆட வைத்தார்கள். ஆனால் தமிழ்நாட்டில் பாட்டு என்றாலே சினிமாதான். படம் இல்லாத பாட்டுக்குக் கதவு திறப்பது அபூர்வம். அந்தக் கதவை இணையம் திறந்துவிட்டது. 2011-இல் வானொலி நிலையத்தில் ஆதி பாடிய ‘கிளப்புல மப்புல’ யூடியூபில் பரவியது. 2012-இல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பம் வந்தது. 2015-இல் ‘ஆம்பள’ படத்துக்கு இசையமைப்பாளர். அதே வருஷம் ‘தனி ஒருவன்’. 2017-இல் தன் சொந்தக் கதையின் சாயலோடு ‘மீசைய முறுக்கு’ படத்தை எழுதி, இயக்கி, இசையமைத்து, தானே நடித்தார். அதில் அப்பாவாக வந்தவர் நம்ம விவேக்.

‘பாட்டுக்காரர் முன்னுக்கு வந்த கதை எதற்கு? தலைப்புக்கு வாங்க’ என்று நடுவர் மணியைப் பார்க்கிறார். வந்துட்டேன் ஐயா!

2020 பிப்ரவரி 14, காதலர் தினம். அன்றைக்குப் பார்த்து ‘நான் சிரித்தால்’ என்ற படம் வந்தது. நாயகனும் ஆதி, இசையும் ஹிப்ஹாப் தமிழா. அதில் நாயகனுக்கு ஒரு விசித்திரமான கோளாறு. துக்கம் வந்தாலும் பயம் வந்தாலும் அழுகை வராது, சிரிப்பு வந்துவிடும்! அந்தப் படத்தில் ‘பிரேக் அப்’ என்றே ஒரு பாட்டு. காதல் முறிஞ்சதைப் பத்தின பாட்டு, ஆனா கேட்டால் கால் சும்மா இருக்காது.

‘இது என்னங்க கூத்து, துக்கத்தில் சிரிப்பா?’ என்று எதிரணி கேட்கும். கேளுங்க, வள்ளுவரிடம் போய்க் கேளுங்க! ‘இடுக்கண் அழியாமை’ என்று 63-வது அதிகாரம். அதில் முதல் குறளே, துன்பம் வந்தால் சிரி, அதை வெல்ல அதைப் போல வேறொன்றும் இல்லை என்கிறது. (பலத்த கைதட்டல்)

வள்ளுவரை விடுங்க. நம்ம ஊர்ச் சாவு வீட்டைப் பாருங்க. உள்ளே ஒப்பாரி, வெளியே பறை. பாடைக்கு முன்னால் அடி விழ விழ, பேரனும் பங்காளியும் ஆடிக்கிட்டே போறான். அவனுக்குத் துக்கம் இல்லையா? இருக்கு. நெஞ்சு தாங்காததைக் காலுக்கு இறக்கி விடறானுங்க! துள்ளல் பாட்டின் சூட்சுமமும் இதுதான். சொல் நெஞ்சோடு பேசும், தாளம் காலோடு பேசும். அழுகைப் பாட்டைத் தனியாகக் கேட்கலாம். குத்துப் பாட்டுக்கு நாலு பேர் வேணும். அந்த நாலு பேர்தானுங்க மருந்து! (கைதட்டல்)

2011 நவம்பரில் வந்த ‘ஒய் திஸ் கொலவெறி டி’யும் இந்த ஜாதிதான். தனுஷ் எழுதிப் பாடியது, 21 வயது அனிருத் இசை. காதலில் தோற்ற பையனின் புலம்பலுக்கு உலகமே ஆடியது. ஜப்பான் பிரதமருக்குக் கொடுத்த விருந்துக்கு நம் பிரதமர் மன்மோகன் சிங் தனுஷையும் அழைத்தார். தோற்றவன் பாட்டுக்கு என்ன மரியாதை பாருங்க!

ஆனால் நடுவர் அவர்களே, என் அணிக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எல்லாத் துள்ளலும் மருந்து ஆகாது. தன்னைப் பார்த்துச் சிரிக்கிற பாட்டு மருந்து. போன பெண்ணைத் திட்டுகிற பாட்டு விஷம். ‘கிளப்புல மப்புல’ பெண்களைச் சாடுகிறது என்று அப்போதே விமரிசனம் வந்தது. அது நியாயமான கேள்விதான். ஒரு பெண் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அது துரோகம் இல்லைங்க, பதில். அந்தப் பதிலைத் தாங்க முடியாதவன்தான் கத்தியையும் ஆசிட்டையும் தேடுகிறான். பையனுக்கு நாம கத்துக் கொடுக்க வேண்டியது ‘அவளை விடு, நீ வா’ என்கிற தாளம். (நீண்ட கைதட்டல்)

இன்னொன்றும் கேட்கிறேன். காதல் போன பையன் நடுத்தெருவில் ஆடலாம். பொண்ணுக்கு அந்தப் பாட்டு எங்கே? 1978-இல் அமெரிக்காவில் குளோரியா கெய்னர் என்ற பாடகி ‘ஐ வில் சர்வைவ்’ என்று பாடினார். விட்டுப் போனவனிடம், நீ இல்லாமலும் பிழைப்பேன் என்று ஒரு பெண் சொல்லும் ஆட்டப் பாட்டு. முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து, இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு பாடினார். கம்பெனி அதை இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்டது. நடன அரங்குக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். 1979-இல் அமெரிக்காவில் முதலிடம்! நம்ம அம்மணிகளின் தட்டையும் யாராவது திருப்பிப் போடணுமுங்க. (பெண்கள் பகுதியில் கைதட்டல்)

கடைசியாக, பெற்றோருக்கு. கொலவெறிப் பாட்டு இடம்பெற்ற ‘3’ படம் 2012-இல் வந்தது. அதன் முடிவு நாயகனின் தற்கொலை. மனநோயால் துடிக்கிறவனைப் பாட்டு காப்பாற்றாது. அவனை டாக்டரிடம்தான் கூட்டிப் போகணும். ஆனா சாதாரணமாக மனசு உடைஞ்ச பிள்ளை ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்தால், ‘எழவு வீட்டில் என்னடா கும்மாளம்’ என்று அதட்டாதீங்க. அவன் கும்மாளம் போடவில்லை, எழுந்திருக்கப் பார்க்கிறான். முடிந்தால் பக்கத்தில் போய் நீங்களும் ஒரு அடி எடுத்து வையுங்க. உங்க ஆட்டத்தைப் பார்த்தாலே அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும்! (சிரிப்பு)

துள்ளல் தாளமே என்று தீர்ப்பு வழங்குங்கள் நடுவர் அவர்களே! (கைதட்டல்)