40 ஜிபி பாடம் இருக்கிறது... நாளை என்ன சொல்லித் தருவது?

கடந்த நவம்பரில் செங்கல்பட்டிலிருந்து அக்கா போன் செய்தார். அத்தான் மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறையில் வேலை பார்ப்பவர். வெளியூர்க் கோயில் திருப்பணி கிடைத்தால் மாதக் கணக்கில் அங்கேயே தங்க வேண்டும். போன வருடம் குடும்பமே அவருடன் கிளம்பிவிட்டதால், பையனின் முதல் வகுப்பு பாதியில் நின்றுபோனது. வரும் ஜூனில் அவன் இரண்டாம் வகுப்பில் உட்கார வேண்டும்.

"நீ சாப்ட்வேர் இன்ஜினியர்தானேடா? வீட்டிலேயே படிக்கிற மாதிரி ஏதாவது கம்ப்யூட்டரில் போட்டுக் கொடேன்" என்றார்.

இரண்டு இரவு உட்கார்ந்து டவுன்லோட் செய்தேன். பாடப் புத்தக பிடிஎப்கள், வீடியோக்கள், கதைகள், விளையாட்டு சாப்ட்வேர்கள் என ஹார்ட் டிஸ்க்கில் 40 ஜிபி நிரம்பியது. போல்டர் போல்டராகப் பெயர் வைத்து, பெருமையோடு கொடுத்து வந்தேன். பதினைந்து நாள் கழித்துக் கேட்டால் அக்கா சொன்ன பதில்: "எதைத் திறக்கிறதுன்னே தெரியலடா."

தவறு என்னுடையது. நான் கொடுத்தது ஒரு நூலகம். அக்கா கேட்டது, நாளைக் காலை பத்து மணிக்கு என்ன சொல்லித் தருவது என்பதற்கான பதில். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு போல்டர் இருக்கிறதா? தொடர்ந்து படியுங்கள்.

முதல் வேலை: குழந்தை எங்கே நிற்கிறது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைத் திறக்காமல் பையனோடு உட்கார்ந்தேன். அ முதல் ஃ வரை கடகடவென்று ஒப்பித்தான். எழுத்துகளைத் தனித்தனித் தாளில் எழுதிக் கலைத்துப் போட்டேன். ஐந்தைத்தான் சரியாகச் சொன்னான். வரிசையை மனப்பாடம் செய்திருக்கிறான்; எழுத்தை அடையாளம் தெரியவில்லை.

ஆனால் கணக்கில் ஆச்சரியம் காத்திருந்தது. பட்டறையில் அப்பாவின் உளிகளை எண்ணி அடுக்கிப் பழகியவன், அறுபது வரை பிழையில்லாமல் எண்ணினான். பத்துப் பத்தாகக் கட்டவும் தெரிந்தது. அதாவது ஒரே பையன் தமிழில் ஒரு படியிலும் கணக்கில் வேறு படியிலும் நிற்கிறான். "முதல் வகுப்புப் பாடம்" என்று மொத்தமாக ஒரே போல்டரைக் கொடுத்தால் ஒன்று சலிப்பு, மற்றொன்று அழுகை.

இந்த உண்மை நம் ஊருக்குப் புதிதல்ல. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளிகளில் உருவான முறையைப் பின்பற்றி, 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் தமிழகம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அதில் பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணி போல வரிசைப்படுத்தப்பட்டது. ஒரு படியை முடித்த குழந்தை அடுத்த படிக்குப் போகும். 2022ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலையைப் பார்த்தே பயிற்சி பிரிக்கப்பட்டது. வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் இதுதான்.

ஏணி ஒன்று, துணை மூன்று

40 ஜிபியை ஒதுக்கிவிட்டு இப்படி மாற்றினேன்.

1. ஏணி: தமிழ்நாடு பாடநூல். பிடிஎப் ஆக இலவசமாக டவுன்லோட் செய்யலாம். பையன் திரும்பப் போகப் போவது இதே பாடத்திட்டத்துக்குத்தான் என்பதால் இதைத் தேர்வு செய்தோம். உங்கள் குழந்தை சி.பி.எஸ்.இ. பள்ளிக்குப் போவதாக இருந்தால் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களை எடுங்கள். அவையும் இணையத்தில் இலவசம். இரண்டையும் சேர்த்து நடத்த வேண்டாம்.

2. கதை: ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015ல் தொடங்கிய இணையதளம். தமிழ் என்று மொழியைத் தேர்வு செய்து, வாசிப்பு நிலை 1ஐ கிளிக் செய்தால் பக்கத்துக்கு ஓரிரு வரி கொண்ட படக்கதைகள் கிடைக்கும். பிடிஎப் ஆக இறக்கி பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால் நகல் எடுக்கத் தயங்க வேண்டாம்.

3. கணக்கு: ஜிகாம்ப்ரி. பிரெஞ்சு மொழியில் "எனக்குப் புரிந்தது" என்று ஒலிக்கும் பெயர். தேடுவதற்கு ஜி, சி, ஓ, எம், பி, ஆர், ஐ, எஸ் என்ற எட்டு எழுத்துகளை டைப் செய்திடவும். 2 முதல் 10 வயது வரையிலான குழந்தைகளுக்கான இலவச சாப்ட்வேர். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு மூன்றிலும் இயங்கும். எண்ணுதல், வரிசைப்படுத்தல், மௌஸ் பயிற்சி ஆகியவற்றுக்கு மொழி அதிகம் தேவைப்படாது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் நட்சத்திரங்களால் கடினத்தைக் காட்டியிருப்பார்கள். செட்டிங்ஸ் பகுதியில் வேண்டிய அளவை மட்டும் வைத்தால் மற்றவை மறைந்துவிடும். பெற்றோர் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

4. படம்: டக்ஸ் பெயிண்ட். 2002ல் வெளிவந்த இலவச ஓவிய சாப்ட்வேர். வேடந்தாங்கல் போய் வந்த அன்று கூழைக்கடா வரைந்தான். கீழே அதன் பெயரை அக்கா எழுத, அவன் படித்தான்.

எழுத்து அட்டைகளை லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் நாமே தயாரிக்கலாம். எழுத்தின் அளவை 200 என வைத்து பிரிண்ட் எடுத்து வெட்டினால் போதும். 247 எழுத்தையும் ஒரே நாளில் அடிக்காதீர்கள். ட, ப, ம, ர என்ற நான்கோடு, புள்ளி வைத்த ம் ஒன்று. இவற்றைக் கொண்டே படம், மரம், மடம், ரம்பம் படித்துவிடலாம். ரம்பம் என்ற சொல்லைத் தானாகக் கூட்டிப் படித்த நாளில், அதைப் பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நான்கு காலம் போதும்

எக்ஸெல் அல்லது கால்க் பைல் ஒன்றைத் திறந்து நான்கு காலம் போடுங்கள். தேதி, செய்த வேலை, தானாகச் செய்தானா, நாளை என்ன. நான்காவது காலத்தை இரவே நிரப்ப வேண்டும். எங்கள் வீட்டில் 40 ஜிபி செய்யாத வேலையை இந்தச் சின்ன பைல் செய்தது. மூன்றாவது காலத்தில் தொடர்ந்து மூன்று நாள் "இல்லை" என்று வந்தால், குழந்தையைத் திட்டாமல் ஒரு படி கீழே இறங்குங்கள்.

ஸ்கிரீன் நேரத்துக்கும் எல்லை வேண்டும். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது. எங்கள் பையனுக்கு ஆறு வயது. அரை மணி நேரம் வைத்தோம். மீதி நேரம் அட்டை, புத்தகம், கடற்கரை. ஐந்து ரதங்களைச் சுற்றி எத்தனை முழம் என்று அளப்பதும் கணக்குதான்.

பள்ளிக்குத் திரும்பும்போது

2009ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. இதன் 4வது பிரிவின்படி, படிப்பை முடிக்காத குழந்தையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். ஈடுகட்ட சிறப்புப் பயிற்சியும் உண்டு. எனவே "ஒரு வருடம் போய்விட்டதே" என்று பயப்பட வேண்டாம். வீட்டிலேயே தொடர நினைப்பவர்களுக்கு, என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அடிப்படைக் கல்வி ஏ, பி, சி என்ற நிலைகளில் இருக்கிறது. இவை முறையே 3, 5, 8ம் வகுப்புக்கு இணையானவை.

போன வாரம் அக்கா மறுபடி போன் செய்தார். பேசியது பையன். நிலை 1 கதை ஒன்றை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினான். எட்டு வரிக்கு ஆறு நிமிடம் ஆனது. இடையில் இரண்டு சொல்லைத் தாண்டினான். முடித்ததும் "மாமா, நாளைக்கு வேற கதை" என்றான். நான்காவது காலத்தை இனி அவனே சொல்லிவிடுவான் போலிருக்கிறது.

அந்த ஹார்ட் டிஸ்க் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. தேவைப்படும்போது ஒரு பைல் மட்டும் பென் டிரைவில் போட்டு அனுப்புகிறேன். நீங்களும் இன்று இரவே டவுன்லோடை நிறுத்திவிட்டு, குழந்தையின் முன் பத்து எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் பாருங்கள்.