தபாலில் வரும் வாத்து முட்டைகள்

தபால் மூலம் தருவித்த வாத்து முட்டைகள் பொரியாவிடில், அடைக்கோழியின் மீதே பழி விழுகிறது. பல சமயங்களில் காரணம் வழிப்பயணத்து வெப்பமேயாகும். சுமார் 21 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் கரு வழியிலேயே சிறிது வளரத் தொடங்கி, பின்னர் நலிந்துவிடும். ஆதலால் இராமநாதபுரக் கரையோரத்து அங்கத்தினர்கள் கோடையில் முட்டை தருவித்தலைத் தவிர்ப்பது நன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்கள் நிரம்பும் காலமே ஏற்றது. குஞ்சுகள் வளர்கையில் நீரும் இரையும் கிட்டும்.

வந்த முட்டைகளை உடனே அடைவைத்தல் கூடாது. விரிசல் கண்டவற்றை நீக்கி, மற்றவற்றை அகன்ற முனை மேலிருக்குமாறு குளிர்ந்த நிழலில் ஒரு நாள் வைத்திடுக. குலுங்கிய காற்றறை நிலைபெறும். அடைவைத்த ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கொளியில் பார்த்து, இரத்த நரம்பு தோன்றாதவற்றை அகற்றுக.

கோழி முட்டை 21 நாளில் பொரியும். நாட்டு வாத்து முட்டைக்கோ 28 நாள் வேண்டும். இருபத்தோராம் நாளில் நம்பிக்கையிழந்து முட்டையை எறிபவர், உயிருள்ள குஞ்சையே எறிகிறார்.