யுத்தப் படத்தில் உங்கள் மேனேஜர்!

எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி இருக்கிறார். பெயர் வேண்டாம், வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யுத்தப் படம் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். 'ஸேவிங் பிரைவேட் ரயன்' படத்தின் ஆரம்பச் சண்டையை எத்தனை தடவை பார்த்திருக்கிறார் என்று அவருக்கே கணக்கில்லை. திரையில் டாங்கியின் மூக்கு தெரிந்தாலே போதும், எந்த நாடு, எந்த மாடல் என்று ஒப்பிப்பார். (ஃபைல் நம்பர் மட்டும் ஞாபகம் இருக்காது!)

"எல்லாம் பாத்தாச்சு ஸார். பழசுல நல்லதா ஒரு அஞ்சு சொல்லுங்க" என்றார்.

சொன்னேன், ஒரு கண்டிஷனோடு. "டாங்கியைப் பாக்காதீங்க தம்பி. யாரு ஆர்டர் போடறாங்க, யாரு சாகறாங்க... அதைப் பாருங்க."

நல்ல யுத்தப் படம் எதை எடுத்தாலும் உள்ளே ஓர் ஆபீஸ் இருக்கும். டார்கெட், பிரமோஷன், லீவ் லெட்டர், எழுத்து மூலமான உத்தரவு எல்லாம் உண்டு. மேலே ஒருத்தர் தப்புக் கணக்குப் போட்டால் நமக்கு இன்கிரிமென்ட் போகும். அங்கே கீழே இருக்கிறவனுக்கு உயிர் போகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த அஞ்சு படங்கள் உங்களுக்கும் இதோ.

1. பாத்ஸ் ஆஃப் குளோரி (1957)

ஸ்டான்லி குப்ரிக் எடுத்தது. ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. முதல் உலக யுத்தம், பிரெஞ்சு ராணுவம். அரண்மனை மாதிரி ஒரு பங்களாவில் ஒரு ஜெனரலிடம் அவருக்கும் மேலே உள்ள ஜெனரல் வந்து, "அந்தக் குன்றைப் பிடிக்கணும்" என்கிறார். "நடக்கவே நடக்காது" என்கிறார் இவர். பேச்சுவாக்கில் பிரமோஷன் எட்டிப் பார்க்கிறது. ரெண்டே நிமிஷத்தில் நடக்காதது நடக்கக்கூடியதாகி விடுகிறது! உங்கள் ஆபீஸ் வருஷாந்திர டார்கெட் மீட்டிங் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

தாக்குதல் தோற்கிறது. ஒரு பிரிவு பதுங்குகுழியை விட்டு வெளியேவே வர முடியவில்லை. ஜெனரலுக்கு ஆத்திரம். "நம்ம ஆளுங்க மேலயே பீரங்கியால சுடு" என்று போனில் கத்துகிறார். பீரங்கி அதிகாரி அமைதியாகச் சொல்கிற பதில்: எழுத்து மூலமாக உத்தரவு வேண்டும். உத்தியோகம் பார்க்கிற ஒவ்வொருத்தரும் எழுந்து நின்று கைதட்ட வேண்டிய இடம்.

தோல்விக்கு யாராவது பலியாக வேண்டுமே? கோழைகள் என்று மூன்று பேரைப் பொறுக்குகிறார்கள். ஒருவன் சீட்டுக் குலுக்கலில் மாட்டுகிறான். ஒருவனை 'ஒழுங்கில்லாத ஆள்' என்று தள்ளி விடுகிறார்கள். இன்னொருவன் தன் மேலதிகாரியின் கோழைத்தனத்தை நேரில் பார்த்துத் தொலைத்தவன். இவர்களுக்காக வாதாடுகிற கர்னலாக கிர்க் டக்ளஸ். மீதியைச் சொல்ல மாட்டேன்.

கற்பனைதானே என்று விட்டுவிட முடியாது. 1915-ல் சுவான் விவகாரத்தில் பிரெஞ்சு ராணுவம் தன்னுடைய நான்கு கார்ப்பரல்களையே இப்படிச் சுட்டுக் கொன்றது. அவர்கள் பெயரிலிருந்த களங்கத்தைத் துடைக்க 1934 வரை ஆயிற்று. படம் பிரான்ஸில் திரையிடப்பட்டது 1975-ல்தான்!

2. பாலட் ஆஃப் எ சோல்ஜர் (1959)

லீவ் லெட்டர் படம். ரஷ்யாவிலிருந்து. பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன், பயத்தில் ஓடிக்கொண்டே, ரெண்டு ஜெர்மன் டாங்கிகளை ஒழித்துக் கட்டுகிறான். ஜெனரல் மெடல் தருகிறேன் என்கிறார். "மெடல் வேணாம், அம்மாவைப் பாக்கணும், வீட்டுக் கூரை ஒழுகுது" என்கிறான். ஸாங்ஷன் ஆகிறது: போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள், கூரை வேய ரெண்டு நாள்.

அப்புறம் முழுக்க ரயில் பயணம்தான். வழியில் காலிழந்த ஒரு சிப்பாய், ஒரு பெண், சோப்புக் கட்டி ஒன்று என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வர, நாட்கள் கரைகின்றன. அவன் யுத்தத்திலிருந்து திரும்பப் போவதில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லி விடுகிறார்கள். அதனால் ரயில் லேட் ஆகிற ஒவ்வொரு தடவையும் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. டைரக்டர் சுக்ராய் யுத்தத்தில் சண்டை போட்டுக் காயம் பட்டவர்.

3. ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட் (1930)

ஆர்டர் போடுகிறவர் இங்கே ஒரு வாத்தியார். கிளாஸில் அவர் போடுகிற வீராவேசப் பிரசங்கத்தைக் கேட்டு, பையன்கள் மொத்தமாகப் பட்டாளத்தில் சேருகிறார்கள். வாத்தியார் சேரவில்லை! நல்ல தோல் பூட்ஸ் ஒரு ஜோடி. போட்டிருந்தவன் செத்ததும் அடுத்தவன் காலுக்குப் போகிறது, அவனும் போனதும் அதற்கு அடுத்தவனுக்கு. சட்டசபையில் பத்து மணி நேரம் பேசினாலும் இவ்வளவு சொல்ல முடியாது.

1930 டிசம்பரில் பெர்லினில் படம் ஓடியபோது கோயபல்ஸின் ஆட்கள் தியேட்டருக்குள் வெள்ளெலிகளை அவிழ்த்து விட்டுக் கலாட்டா செய்தார்கள். சில நாளில் தடை. கதாநாயகனாக நடித்த லூ அயர்ஸ், இரண்டாம் உலக யுத்தத்தில் துப்பாக்கி தொட மறுத்து, மருத்துவப் பிரிவில் வேலை செய்தார். 2022-ல் வந்த புதிய ஜெர்மன் படமும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழசை முதலில் பார்த்துவிடுங்கள்.

4. டாஸ் பூட் (1981)

ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல். ஐம்பது சொச்சம் ஆட்கள், உபயோகத்தில் ஒரே கக்கூஸ். (இன்னொன்றில் சாப்பாட்டுச் சாமான் அடுக்கியிருக்கிறது!) பாதிப் படம் காத்திருப்பதுதான். அப்புறம் மேலே எதிரிக் கப்பல். தேடுகிற கருவியின் 'டிங்... டிங்...' சத்தம். மூச்சு விடாமல் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள், நாமும்தான். செல்போனில் பார்த்துப் பாவம் கட்டிக்கொள்ளாதீர்கள். நீர்மூழ்கிகளில் போன ஜெர்மானியர் 40,000 பேர், திரும்பாதவர்கள் 30,000 பேர் என்று படத் துவக்கத்திலேயே போடுகிறார்கள்.

5. தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய் (1957)

டேவிட் லீன் எடுத்தது, ஏழு ஆஸ்கார். ஜப்பானியரிடம் கைதியான பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்ஸன், ஜெனீவா ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அதிகாரிகள் உடலுழைப்பு செய்ய மாட்டோம்" என்கிறார். தகரக் கூண்டில் போட்டு வெயிலில் வாட்டுகிறார்கள். மசியவில்லை, ஜெயிக்கிறார். நாமும் கைதட்டுகிறோம்.

வில்லங்கம் அப்புறம்தான். எதிரிக்காகக் கட்டுகிற ரயில் பாலத்தை, ஜப்பானிய எஞ்சினியரையே தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி கச்சிதமாகக் கட்ட ஆரம்பிக்கிறார்! ரூல் தெரியும், வேலை தெரியும், எதற்காகச் செய்கிறோம் என்பது மட்டும் மறந்து போச்சு. அலெக் கின்னஸ் நடிப்பில் இந்த மனுஷர் மேல் கோபம் வருவதற்குள் பரிதாபம் வந்து விடுகிறது.

படமெடுத்தது இலங்கையில், கித்துல்கலவில், களனி கங்கைக் கரையில். நிஜப் பாலம் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இன்னும் நிற்கிறது. அது இருந்த ஆற்றுக்கு வேறு பெயர். படம் பார்த்துவிட்டு 'குவாய்' எங்கே என்று டூரிஸ்டுகள் வந்து குவிய, 1960-களில் ஆற்றின் பெயரையே மாற்றி விட்டார்கள். சினிமாவுக்கு இந்த சக்தியும் உண்டு.

ஆனால் நான் சொன்ன கண்டிஷன் இருக்கிறதே, யார் ஆர்டர், யார் சாவு? அதை இந்தப் படத்தில் பாருங்கள். பாலம் கட்டுவது முழுக்க வெள்ளைக்காரக் கைதிகள். நிஜத்தில், சயாமையும் பர்மாவையும் இணைத்து 1942-43-ல் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் 60,000 கைதிகளுக்கு மேல் உழைத்தார்கள், சுமார் 12,000 பேர் இறந்தார்கள். அவர்களைவிட மிக அதிகமாக, இரண்டு லட்சம் வரையில், ஆசியக் கூலிகள் இருந்தார்கள். அவர்களில் சுமார் 90,000 பேர் செத்தார்கள் என்பது ஒரு கணக்கு. அதில் பெரும் பங்கு, மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டு போன தமிழர்கள். மலேசியத் தமிழர்கள் இதை 'சயாம் மரண ரயில்' என்பார்கள்.

கைதிகள் மத்தியில் ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். செத்தவர் பெயரைக் குறித்துவைக்க ஆள் இருந்தது. காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள், கல்லில் பெயர். தோட்டத்துக் கூலிகளுக்குக் காலரா வந்தபோது போதிய டாக்டரும் இல்லை, செத்தபோது பட்டியலும் இல்லை. இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில் அவர்களுக்கு இடமும் இல்லை.

படத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அவசியம் பாருங்கள், பிரமாதமான படம். பார்த்துவிட்டு ஒன்று செய்யுங்கள். உங்கள் சொந்தத்திலோ, மலேசியா பக்கத்துச் சிநேகிதர் வீட்டிலோ, "எங்க தாத்தா சயாம் ரயிலுக்குப் போனாரு, வரவேயில்ல" என்று யாராவது சொன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். தாத்தா பெயர், தோட்டத்தின் பெயர் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டாங்கி மாடல் ஞாபகம் வைத்துக்கொள்கிற மூளைக்கு இது பெரிய பாரமில்லை.