தோல் சாலைக் கழிவு ஜலமும் மீனின் சந்ததியும்

திண்டுக்கல் சமவெளியில் தோல் பதனிடும் சாலைகளின் கழிவு ஜலத்தால் கிணறுகள் கெட்ட விவரம் நமது விவசாயிகள் அறிந்ததே. இப்பிரதேசத்தின் 13 கிராமங்களில் ஒரு சங்கத்தார் 467 கிணறுகளை ஆராய்ந்ததில் 350 கெட்டிருந்தனவென்று, 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் அளித்த தீர்ப்பில் கண்டிருக்கிறது. கிணறு கெட்டதை நாவின் கரிப்பு உணர்த்திவிடும். குடகனாற்றிலும் குளங்களிலும் வாழும் மீனுக்கு நேரக்கூடிய கேடோ அவ்வளவு எளிதில் புலப்படுவதன்று.

தோலின் கொழுப்பைப் போக்க உபயோகிக்கப்பட்டுவந்த சவர்க்காரச் சரக்குகளில் ஒரு வகை, ஜலத்தில் சிதைந்து நோனைல்பீனால் என்னும் பொருளாகிறது. இது மீனின் உடலில் பெண் ஹார்மோனைப்போல் வேலை செய்யும். முட்டைக் கருவுக்குரிய புரதம் பெண் மீனின் ஈரலில் உண்டாவதே இயற்கை. இப்பொருள் மிகுந்தால் ஆண் மீனின் ஈரலும் அதை உண்டாக்கும். விந்துச் சுரப்பியும் குன்றும். மீன் செத்து மிதப்பதில்லை, சந்ததியே குறைகிறது. ஐரோப்பிய யூனியனார் 2003-ம் வருஷத்தில் இச்சரக்கின் உபயோகத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்தினர்.

இத்தகைய கேட்டின் அளவைக் கனடா தேசத்துச் சோதனையொன்று விளக்கும். 2001 முதல் 2003 வரை ஓர் ஏரியில், நோனைல்பீனாலினும் மிக வலிமையுள்ள செயற்கைப் பெண் ஹார்மோன், லிட்டருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் ஐந்தாறு பங்கு இருக்குமாறு கலக்கப்பட்டது. அங்கிருந்த சிறு மீனினம் ஏறக்குறைய அற்றுப்போயிற்று.

குளத்தைக் குத்தகைக்கு விடும் கிராமத்தார் கவனிக்கவேண்டியது யாதெனில், கட்லா, ரோகு ஆகியவை தேங்கிய ஜலத்தில் இனம் பெருக்குவதில்லை. அவற்றின் குஞ்சுகள் வாங்கி விடப்படுபவை. ஆகையால் அவை கொழுத்திருப்பது ஜலம் நல்லதென்பதற்கு அத்தாட்சியாகாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் நாட்டுக் கெண்டை, கெளுத்தி முதலியவற்றின் குஞ்சுகள் காணப்படுகின்றனவா என்று பார்க்கவேண்டும். வறட்சியாலும் குஞ்சு குறையலாம். ஆனால் ஜலம் நிறைந்திருந்தும் இரண்டு வருஷம் தொடர்ந்து குஞ்சு இல்லையெனில், கிராம நிர்வாக அலுவலர் மூலம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி, ஜலத்தையும் சேற்றையும் பரிசோதிக்கச் செய்தல் வேண்டும்.

நோனைல்பீனால் சேற்றில் படிந்து தங்கும் தன்மையது. கழிவு வாய்க்கால் சேரும் குளத்து வண்டலைப் பரிசோதனையின்றி வயலுக்கு ஏற்றலாகாது. மருந்து தெளித்த கருவிகளை வாய்க்காலில் கழுவுவதையும் விவசாயிகள் விட்டொழித்தல் நலம். பூச்சி மருந்துகள் சிலவும் இவ்விதமே மீனின் ஹார்மோனைக் கெடுப்பவை.