விளையாட்டு அறையில் அணுக்கரு இணைவு

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஜாக்சன் ஓஸ்வால்ட் என்ற மாணவர், 2018 ஜனவரியில், பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குச் சில மணி நேரம் முன்பு, வீட்டில் தன் விளையாட்டு அறையிலேயே அணுக்கரு இணைவை நடத்திக் காட்டினார். கின்னஸும் அதை ஏற்றுக்கொண்டது. இப்படி ஒரு செய்தியைப் படித்ததும் நம்மில் பாதிப் பேர், “தெருவே வெடித்துவிடாதா?” என்று கேட்போம். மீதிப் பேர், “அப்படியானால் அந்த வீட்டுக்கு கரண்ட் பில்லே வராதே?” என்போம். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், பொறுமையாகப் பார்ப்போம்.

அணுமின் நிலையத்தில் நடப்பது பிளவு. யுரேனியம் போன்ற கனமான கரு உடைகிறது. அதிலிருந்து தெறிக்கும் நியூட்ரான்கள் பக்கத்துக் கருக்களையும் உடைக்க, சங்கிலித் தொடராக அது பரவுகிறது. ஓஸ்வால்ட் போன்றவர்கள் செய்வது நேர்மாறானது: இரண்டு லேசான கருக்களை மோதவிட்டு ஒன்றாக்குவது. இதில் சங்கிலித் தொடர் கிடையாது. ஒவ்வொரு மோதலையும் நாமே மின்சாரம் கொடுத்து நடத்தியாக வேண்டும். சுவிட்சை அணைத்தால் அந்தக் கணமே இணைவு நின்றுபோகும். எனவே அணுகுண்டு போல வெடிக்கும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எதை மோதவிடுகிறார்கள்? டியூட்டீரியம் என்ற வாயுவை. அதுவும் ஹைட்ரஜன்தான், கருவில் ஒரு நியூட்ரான் கூடுதல், அவ்வளவே. கடல்நீரில் சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று இப்படி இருக்கும். கல்பாக்கம் உலைகளில் பயன்படும் கனநீரில் இருப்பதும் இதே டியூட்டீரியம்தான். இந்தக் கருக்கள் எல்லாமே நேர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் கிட்டே வந்தாலே ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை மீறி ஒட்டிக்கொள்ள அசுர வேகம் வேண்டும்.

அந்த வேகத்துக்கு ஒரு வழியை 1960களில் செய்து காட்டியவர் ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த். 1927இல் மின்னணுத் தொலைக்காட்சியை இயக்கிக் காட்டிய அதே மனிதர். ஓர் எஃகுக் கலனிலிருந்து காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சிவிட்டு, துளியளவு டியூட்டீரியத்தை உள்ளே விட வேண்டும். நடுவில் டங்ஸ்டன் கம்பியை வளைத்துச் செய்த, சில சென்டிமீட்டரே அகலமுள்ள ஒரு கூண்டு. அந்தக் கூண்டுக்கு இருபதாயிரம், நாற்பதாயிரம் வோல்ட் என்று எதிர்மின்னழுத்தம் கொடுத்தால், கருக்கள் எல்லாப் பக்கமிருந்தும் அதை நோக்கிப் பாய்கின்றன. பெரும்பாலானவை எதிலும் மோதாமல் மறுபக்கம் போய்த் திரும்பி வருகின்றன, அல்லது கம்பியில் முட்டி வீணாகின்றன. எப்போதோ இரண்டு கருக்கள் இணைகின்றன. இந்தக் கருவிக்கு ஃப்யூசர் என்று பெயர்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான் வருகிறது. இணைவு நடந்துவிட்டால் ஆற்றல் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் செய்த ஃப்யூசர் நொடிக்குப் பத்து லட்சம் நியூட்ரான் தந்தால் அது நல்ல கருவி. ஆனால் அத்தனை இணைவுகளின் ஆற்றலையும் கூட்டினால் ஒரு வாட்டில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் வரும். உள்ளே நாம் கொட்டுவதோ சில நூறு வாட். ஒரு வண்டி விறகை எரித்து ஒரே ஒரு பருக்கைச் சோற்றை வேகவைப்பதற்குச் சமம் இது. மிகைப்படுத்தவில்லை, விகிதம் கிட்டத்தட்ட அப்படித்தான். இருபதாயிரம் வோல்ட்டில் பாயும் கருவின் ஆற்றலை வெப்பநிலையாகச் சொன்னால் 20 கோடி டிகிரியைத் தாண்டும், சூரியனின் மையமோ ஒன்றரைக் கோடிதான் என்றெல்லாம் எழுதுவார்கள். அது உண்மையே. ஆனால் கலனுக்குள் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு வாயுதான். அவ்வளவு சொற்பமான கருக்களால் எஃகை உருக்க முடியாது.

கலனில் உள்ள கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தால் கூண்டின் கம்பிகள் செக்கச் சிவந்திருக்கும். இடைவெளிகளிலிருந்து ஊதாக் கதிர்கள் நட்சத்திரம் போல நாலாபக்கமும் நீளும். கண்ணைப் பறிக்கும் அழகுதான், ஆனால் அது இணைவின் ஒளி அல்ல. டியூட்டீரியமே இல்லாமல் மிச்சக் காற்றை வைத்தும் அந்த ஒளியை வரவழைக்கலாம். அதனால்தான் இந்த ஆர்வலர்கள் படத்தைக் காட்டினால் நம்புவதில்லை, நியூட்ரான் எங்கே என்று கேட்கிறார்கள். எனக்கு இவர்களிடம் மிகவும் பிடித்தது இந்தக் கறார்தான். சான்றுக்கு ஒரு சின்னக் குழாய் போதும். அதில் ஒரு களி. களிக்குள் கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும் நுண்ணிய திரவத் துளிகள். நியூட்ரான் பட்டால் ஒரு துளி சட்டென்று குமிழாகிவிடும். எக்ஸ் கதிர் பட்டால் ஆகாது. குமிழ்களை எண்ணிவிட்டு, டியூட்டீரியத்தை நிறுத்தி, அதே வோல்ட்டில் மறுபடி ஓட்ட வேண்டும். இம்முறை குமிழ் வரக்கூடாது.

ஆபத்து இருக்கிறது, நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. முதல் எமன் அந்த உயர் மின்னழுத்தம். தொட்டால் உயிர் போகும். அடுத்தது எக்ஸ் கதிர். பாயும் எலக்ட்ரான்கள் சுவரில் மோதும்போது அது பிறக்கிறது. எஃகு பெரும்பகுதியைத் தடுத்துவிடும், கண்ணாடி ஜன்னல் தடுக்காது. அதனால் விவரமறிந்தவர்கள் கேமரா வைத்துத்தான் உள்ளே பார்க்கிறார்கள். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இல்லாமல் தொடக்கூடாத வேலை இது.

டெய்லர் வில்சன் என்ற இன்னொரு மாணவருக்கு அப்படிப் பெரியவர்கள் வாய்த்தார்கள். 2008இல், பதினான்கு வயதில், நெவாடா பல்கலைக்கழகத்தின் ரீனோ வளாகத்தில் இயற்பியல் துறையினரின் துணையோடு அவர் ஃப்யூசரை இயக்கினார். வில்சன் அதில் தேடியது மின்சாரத்தை அல்ல, நியூட்ரானை. சரக்குப் பெட்டகத்துக்குள் யாராவது அணுப்பொருளை ஒளித்துக் கடத்தினால், நியூட்ரானை உள்ளே செலுத்தி அதைக் கண்டுபிடிக்கலாம் என்று ஆராய்ந்தார். 2011இல் இன்டெல் சர்வதேச அறிவியல் கண்காட்சியில் அதற்கு 50,000 டாலர் பரிசு கிடைத்தது.