கல்லீரலின் கதவுகளும் நிலைகளும்

ஓசூர் சிப்காட்டிலும் கிருஷ்ணகிரிப் பகுதியின் கருங்கல் குவாரிகளிலும் உழைக்கும் நம் மக்களுள் காசநோய்க்கு ஆளாவோர் உண்டு. கல் தூசியைப் பல்லாண்டு சுவாசித்த நெஞ்சில் இந்நோய் எளிதில் வேரூன்றும். மருந்து தொடங்கிய சில வாரங்களில், “கண் மஞ்சளாகத் தெரிகிறதே, மாத்திரையை நிறுத்திவிடலாமா?” என்று இல்லத்தார் கலங்குவர். இதற்கு விடை காணக் கல்லீரலின் உள்ளே சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

கல்லீரல் உயிரணுவின் ஒரு புறம் இரத்தம் பாய்கிறது. மறுபுறம் பித்தநீர் ஓடும் நுண்ணிய கால்வாய். இரத்தத்தில் வரும் மருந்தும், பழைய சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் பிலிரூபின் என்னும் மஞ்சட்பொருளும் முன்வாயிலில் நுழைந்து, பக்குவம் பெற்று, பின்வாயில் வழியே பித்தநீரில் சேர்கின்றன. இவ்வாயில்களின் கதவுகள் ஒருவகைப் புரதங்களே.

கதவு இருந்தால் மட்டும் போதுமா? அதை உரிய இடத்தில் பிடித்து நிறுத்த வேறு புரதங்களை அமைத்திருக்கிறார் படைத்தவர். அறிஞர் இவற்றைச் சாரப் புரதங்கள் என்பர். எனக்கென்னவோ ‘நிலை’ என்பதே பொருத்தமாகப் படுகிறது. சாரத்தை வேலை முடிந்ததும் பிரித்துவிடுகிறோம். நிலையோ கதவுள்ளவரை நிற்கிறது.

ஜப்பானின் கியோட்டோ அறிஞர் 2002-இல் ரேடிக்சின் என்னும் புரதமில்லாத எலிகளை உருவாக்கினர். அவை பிறக்கையில் நலமாகவே இருந்தன. ஏறத்தாழ நான்கு வாரமானதும் இரத்தத்தில் பிலிரூபின் ஏறத் தொடங்கியது. பின்வாயிற் கதவு தன் இடத்தில் காணப்படவில்லை! நியூயார்க் அறிஞர் 2005-இல் வேறொரு சாரப் புரதத்தை நீக்கியபோது, முன்வாயிற் கதவுகள் குறையாமல் இருந்தும், பெரும்பாலும் உயிரணுவின் உள்ளேயே முடங்கிக் கிடந்தன.

இனி நம் மாத்திரைக்கு வருவோம். ரிபாம்பிசின் இவ்வாயில்களில் பிலிரூபினோடு நெருக்கியடித்துச் செல்வதால், முதல் நாட்களில் பிலிரூபின் சற்று ஏறித் தானே இறங்குவதுண்டு. (சிறுநீர் செம்மஞ்சளாவது அம்மாத்திரையின் சாயமே, அதற்கு அஞ்ச வேண்டாம்.) ஐசோனியசிட், பைரசினமைட் போன்றவை கல்லீரலையே புண்படுத்துவதால் வரும் மஞ்சள் வேறு. எது எதுவென்று கண்ணால் கண்டு சொல்ல இயலாது. இரத்தப் பரிசோதனை வேண்டும்.

முன்வாயிற் கதவின் மரபணு ஆளுக்கு ஆள் சிறிது வேறுபடும். அவ்வேறுபாடுகள் தென்னிந்திய நோயாளிகளின் இரத்தத்தில் ரிபாம்பிசின் அளவை மாற்றவில்லை என்று 2016-இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. கதவின் வார்ப்பு ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை போலும். அதற்காக நிலையே காரணமென்று அவசரப்பட்டு முடிவுகட்டவும் கூடாது.

வாந்தி, பசியின்மை, கண்ணில் மஞ்சள் கண்டால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருந்து தந்த நிலையத்துக்குச் செல்லுங்கள். கீழாநெல்லிச் சாறு குடித்துக் காத்திருக்க வேண்டாம். தேவையானால் மருத்துவரே மருந்தை நிறுத்தி, கல்லீரல் தேறியபின் ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்குவார். நாமாக நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடக்கூடும். அத்திப்பள்ளிக்கு அப்பால் கருநாடகத்தில் வேலை பார்த்து இங்கே குடியிருப்போர் சிகிச்சை அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கட்டும். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை அங்குள்ள மருத்துவரும் அதைப் பார்த்தே அறிந்துகொள்வார்.