வறுத்த ஈரல் தாக்குதல்

வறுத்த ஈரல் தாக்குதல் என்பது சதுரங்கத்தில் இரு குதிரைத் தடுப்பாட்டத்தின் ஒரு கிளைத் திறப்பு ஆகும். வெள்ளை ஒரு குதிரையைப் பலியிட்டுக் கறுப்பு அரசனைப் பலகையின் நடுவே இழுத்து வருவதே இதன் அடிப்படை. இத்தாலிய மொழியில் இது ஈரல் உணவு ஒன்றின் பெயரால் ஃபெகத்தெல்லோ என அழைக்கப்படுகிறது. திறப்புகளின் கலைக்களஞ்சியத்தில் இதன் குறியீடு சி57.

நகர்வுகள்

1. வெள்ளைச் சிப்பாய் ஈ4. கறுப்புச் சிப்பாய் ஈ5
2. குதிரை எஃப்3, குதிரை சி6
3. அமைச்சர் சி4, குதிரை எஃப்6
4. குதிரை ஜி5, சிப்பாய் டி5
5. ஈ4 சிப்பாய் டி5-ஐ வெட்டுகிறது. எஃப்6 குதிரை டி5-இல் திருப்பி வெட்டுகிறது
6. ஜி5 குதிரை எஃப்7-ஐ வெட்டுகிறது. அரசன் அக்குதிரையை வெட்டுகிறான்
7. அரசி எஃப்3, முற்றுகை, அரசன் ஈ6
8. குதிரை சி3

விளக்கம்

ஆட்டத் தொடக்கத்தில் எஃப்7 சிப்பாயை அரசன் மட்டுமே காக்கிறான். எனவே நான்காம் நகர்வில் குதிரையும் அமைச்சரும் அதனைச் சேர்ந்து தாக்குகின்றன. ஏழாம் நகர்வில் வெள்ளை அரசி, அரசனையும் டி5 குதிரையையும் ஒருங்கே தாக்குகிறாள். அரசன் ஈ6 கட்டத்திற்கு வராவிடில் கறுப்பு அக்குதிரையை இழக்கும். வந்தாலோ, சி4 அமைச்சரின் எதிரே அக்குதிரை அசைய இயலாமல் கட்டுண்டுவிடும். எட்டாம் நகர்வில் வெள்ளையின் மூன்றாவது காயும் அதன்மீது பாய்கிறது. கறுப்பு, சி6 குதிரையை பி4 அல்லது ஈ7 கட்டத்திற்கு நகர்த்தி அதனைக் காக்கலாம்.

வெள்ளை ஒரு சிப்பாய்க்கு ஈடாக ஒரு குதிரையை இழந்துள்ளது. தாக்குதல் தணிந்துவிட்டால் அவ்விழப்பே தோல்விக்கு வழிவகுக்கும். எனினும் கறுப்பு ஒவ்வொரு நகர்விலும் துல்லியமாக ஆட வேண்டியுள்ளது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் மன்ற அளவிலான போட்டிகளில் இது எளிதன்று. ஆகவே அங்கு இத்தாக்குதல் பெரிதும் விரும்பப்படுகிறது.

வரலாறு

இத்தாலிய ஆட்டக்காரர் ஜூலியோ சேசரே பொலேரியோ 1610 அளவில் உரோமில் ஆடி வென்ற ஆட்டம் இதன் பழமையான எடுத்துக்காட்டு. அவ்வாட்டத்தில் கறுப்பு எட்டாம் நகர்வில் குதிரையை ஈ7 கட்டத்திற்கு நகர்த்தியது.

தவிர்க்கும் வழிகள்

ஐந்தாம் நகர்வில் டி5 சிப்பாயை உடனே திருப்பி வெட்டாமல், சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி அமைச்சரைத் தாக்குவதே கறுப்பின் வழக்கமான மறுமொழி. இதனால் கறுப்பு ஒரு சிப்பாயை இழந்தாலும் காய்களை விரைவாக வெளிக்கொணர்கிறது. அதே குதிரையை டி4-க்கு நகர்த்துவது ஃபிரிட்ஸ் கிளை; பி5-க்குச் சிப்பாயை நகர்த்துவது உல்வெஸ்டாட் கிளை. நான்காம் நகர்விலேயே எஃப்7-ஐக் காக்காமல் அமைச்சரை சி5-க்கு நகர்த்தி எதிர்த்தாக்குதல் தொடுப்பது திராக்சிலர் கிளை எனப்படும். மறுபுறம், வெள்ளையும் ஆறாம் நகர்வில் குதிரையைப் பலியிடாமல் டி4 சிப்பாய் நகர்வை ஆடலாம். இது லொல்லி தாக்குதல் எனப்படுகிறது.